இஞ்சினை வாங்கிறது ஆர்?

வடக்குக் கடலைப் பற்றிக் கதை எடுத்தால் எங்கட கை தானாகவே எல்லைக்கோட்டுப் பக்கம் நீளும். றோலர் என்று தொடங்கினால் அதிலேயே கதை முடியும். அதில் பொய் ஒன்றும் இல்லை. திங்கள், புதன், சனி என்று இராமேஸ்வரம் பக்கத்து இழுவைப் படகுகள் இறங்கும் நாட்களில் எங்கட ஆக்கள் வலையைக் கரையிலேயே வைச்சுக்கொண்டு இருக்கிறது பல வருச வழக்கம். துணிஞ்சு போய்ப் போட்டால் விடிய மிதவையும் அறுந்த கயிறும்தான் மிஞ்சும். 2017 இல் நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலையே தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2021 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை வள்ளங்களிலேயே ஊர்வலம் போனது. 2022 தொடக்கத்தில் சுப்பர்மடத்தில் சனம் வீதியை மறிச்சு இருந்தது. அந்தப் போராட்டங்களோட நாங்கள் நிற்கிறம். அதில் மாற்றமில்லை.

ஆனால் இந்தக் கட்டுரை வேறொரு இழப்பைப் பற்றியது. கரையில் கட்டின வள்ளத்திலிருந்து இரவோடு இரவாக இஞ்சினைக் கழட்டிக்கொண்டு போறது. வாடியில் மடிச்சு வைச்ச வலை விடியக் காணாமல் போறது. எண்ணெய்த் தாங்கி, குழாய், ஜிபிஎஸ் கருவி, பற்றரி, நங்கூரம், வலையில் கோர்த்த ஈயம் என்று சில்லறை சில்லறையாகப் போறது. வடமராட்சி, வலிகாமம், தீவகம், யாழ் நகரக் கரை என்று பாகுபாடு இல்லாமல் இது நடக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகையில் 'படகு இயந்திரம் திருட்டு, பொலிஸில் முறைப்பாடு' என்று நாலு வரி வரும். அடுத்த நாள் அந்தத் தாளில் மீன் சுத்துவினம். கதை முடிஞ்சுது.

றோலரைப் பற்றி நாங்கள் இவ்வளவு உரத்துக் கதைக்கிறம், கரைக்களவைப் பற்றி ஏன் வாய் திறக்கிறதில்லை? றோலர்காரன் தூரத்தில் இருக்கிறான். அவனுக்கு எதிராக ஊர் முழுக்க ஒரு பக்கம் நிற்கலாம். கரையில் களவெடுத்தவன் பக்கத்து ஒழுங்கையில் இருக்கலாம். கோயில் திருவிழாவில் எங்களோட தேர் இழுத்தவனாக இருக்கலாம், எங்களுக்குச் சொந்தமாகவும் இருக்கலாம். இதைக் கிளறினால் ஊர் இரண்டாகும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கு. அதனால 'கடல்மாதா பார்த்துக்கொள்ளுவா' என்று சொல்லிப்போட்டுப் படுக்கிறம்.

ஒரு வீட்டின் கணக்கு

கடற்கரைக்குப் போகாத ஆக்களுக்கும் விளங்கவேணும் என்பதற்காக ஒரு வீட்டின் கணக்கைப் பார்ப்பம்.

ஒரு சின்ன பைபர் வள்ளம், அதற்கு 15 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று, ஒரு தொகுதி நண்டு வலை அல்லது வழிச்சல் வலை. இவ்வளவும்தான் சொத்து. தொழிலுக்குப் போறது இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர். பிடிச்ச மீனை வித்த காசில் எண்ணெய்க் காசைக் கழிச்சு, வள்ளம், வலை, இஞ்சினுக்கு ஒரு பங்கு, தொழிலுக்குப் போனவைக்குப் பங்கு என்று பிரிப்பினம். இஞ்சின் களவு போனால் முதலாளி வீட்டில் மட்டும் அடுப்பு அணையிறதில்லை. கூலிப் பங்குக்குப் போன இரண்டு வீட்டிலும் அணையும். வலையில் இருந்து நண்டு கழட்டுற, வலை பொத்துற, மீன் வெட்டிக் கருவாடு போடுற பெண்களின் நாட்கூலியும் அதோட போகும். அந்த வள்ளத்து மீனை நம்பிச் சைக்கிளில் வியாபாரத்துக்குப் போறவருக்கும் அண்டைக்குச் சுழிதான்.

15 குதிரைவலு இஞ்சின் ஒன்று சுமார் 40 கிலோ. பழகின ஆள் தனியாகவே தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். வள்ளத்தின் பின்பலகையில் அதைப் பிடிச்சு வைச்சிருக்கிறது கையால் இறுக்குற இரண்டு திருகுகள். சாவி ஒன்றும் இல்லை. பல இலட்சம் ரூபாய்ப் பொருள் ஒன்று இரண்டு நிமிடத்தில் கழட்டக்கூடிய நிலையில் இருட்டுக்குள் நிற்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க் கைப்பேசிக்கு நாங்கள் கடவுச்சொல் போடுறம், கைரேகை வைக்கிறம். மூன்று குடும்பத்துக்குச் சோறு போடுற இயந்திரத்துக்கு ஒரு பூட்டும் இல்லை.

2022 நெருக்கடி இந்தக் கணக்கை இன்னும் இறுக்கியது. அந்த வருசம் மார்ச்சில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. இஞ்சின்கள் இறக்குமதிப் பொருட்கள். புதுசின் விலை ஏற, பழசின் விலையும் சேர்ந்து ஏறியது. ஓகஸ்டில் ஒரு லீட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. வடக்கில் சின்ன வள்ளங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில்தான் ஓடுது. இப்படியான நிலையில் ஒரு இஞ்சினைப் பறிகொடுத்தவர் திரும்ப எழும்புறது இலேசில்லை. மனுசியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகும். அதுவும் ஏற்கெனவே போயிருந்தால் கிழமைக்கடன், மீட்டர் வட்டி என்று வாசலில் ஆள் வந்து நிற்கும்.

கரையில் ஆக்கள் படுத்த காலம்

'அந்தக் காலத்தில களவே இல்லை' என்று பழசுகள் சொல்லுவினம். அதை அப்படியே நம்பத் தேவையில்லை. மனுசர் இருக்கிற இடத்தில் களவும் இருந்திருக்கும். ஆனால் அப்போது கரைக்கு ஒரு அமைப்பு இருந்தது. வீடும் கரையும் கூப்பிடு தூரத்தில். வாடியில் எந்த நாளும் யாராவது படுத்திருப்பினம். கரைவலைச் சம்மாட்டியின் ஆக்கள் விடியமுதல் இறங்குவினம். எந்த வள்ளம் எவருடையது, எந்த நேரம் இறங்கும் என்று கரையில் நிற்கும் நாய்க்கும் தெரியும். புது ஆள் ஒருவர் நடந்தால் 'ஆரடா அது' என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல்தான் பூட்டு.

அந்தக் குரல் எப்படி இல்லாமல் போனது என்பதற்கு மயிலிட்டி ஒரு உதாரணம். 1990 இல் சனம் இடம்பெயர்ந்தது. துறைமுகம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 2017 யூலையில்தான் அது விடுவிக்கப்பட்டது. 27 வருசம். ஒரு தலைமுறை முகாமிலும் சொந்தக்காரர் வீட்டு வளவிலும் பிறந்து, வேறு ஊர்க் கரைகளில் கூலிக்குத் தொழில் பழகி வளர்ந்தது. விடுவிச்ச பிறகும் எல்லாரும் கரையோரம் திரும்பிக் குடியேறேல்லை. வள்ளம் ஒரு இடத்தில், வீடு பல கிலோமீற்றர் தள்ளி இன்னொரு இடத்தில். தொழில் முடிஞ்சு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனால், அந்த வள்ளத்துக்கு விடியும்வரை ஆள் இல்லை.

வடமராட்சி கிழக்கில் இது வேறு வழியால் நடந்தது. 2004 மார்கழிச் சுனாமி கரையோர வீடுகளை வாரிக்கொண்டு போனது. பிறகு கடலிலிருந்து தள்ளி வீடு கட்டச் சொன்னார்கள். உயிருக்கு அது நல்லது. ஆனால் வள்ளத்துக்கும் வீட்டுக்கும் இடையில் இருட்டு வந்து உட்கார்ந்தது. வாடைக் காலத்தில் கடல் கொந்தளிச்சு, நாட்கணக்கில் வள்ளம் கரையேறிக் கிடக்கும். அந்த நாட்களில் கரைக்கு வாறதுக்கு ஒருவருக்கும் அலுவல் இல்லை. களவெடுக்கிறவனுக்கு மட்டும் அலுவல் இருக்கு.

இன்னொன்றும் இருக்கு. போர்க்காலத்தில் கரை என்பது சந்தேகத்தின் இடம். கடலுக்குப் போக பாஸ். எந்த நேரம் போறது, எவ்வளவு தூரம் போறது, எவ்வளவு வலுவுள்ள இஞ்சின் வைச்சிருக்கிறது எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. இரவில் கரையில் நிற்கிறவன் சுடப்படலாம். அப்படி வளர்ந்த சமூகம் ஒன்று இரவுக் காவலை மறந்துபோனால் அதில் ஆச்சரியம் இல்லை. அதேபோல, 'பதிவு', 'பட்டியல்', 'கமரா' என்ற சொற்களைக் கேட்டாலே பின்வாங்குறதிலும் ஆச்சரியம் இல்லை. களவைத் தடுக்கிறது பற்றி யோசிக்கிற எந்தத் திட்டமும் இந்த இரண்டையும் மனசில் வைக்காவிட்டால் கரையில் நிற்காது.

களவெடுத்தவன் அதோட என்ன செய்வான்?

களவு நடந்தால் உடனே ஒரு விளக்கம் வரும்: 'போதைக்குக் காசு தேடுற பெடியள்'. யாழ்ப்பாணத்தில் போதைப்பொருள் எவ்வளவு தூரம் வீடுகளுக்குள் வந்துவிட்டது என்று எங்கட வயசுக்காரருக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதனால் அந்த விளக்கத்தை முழுசாகத் தள்ளவும் ஏலாது. ஆனால் அதோட நிறுத்தினால் பாதிக் கதைதான்.

ஒரு பெடியன் இஞ்சின் ஒன்றைக் களவெடுக்கிறான் என்று வையுங்கோ. அதை அவன் என்ன செய்வான்? கைச்சங்கிலி என்றால் உருக்கலாம். கைப்பேசி என்றால் ஆருக்கும் விக்கலாம். வெளியிணைப்பு இயந்திரத்தால் தோட்டக்காரனுக்குப் பயன் இல்லை, ஓட்டோக்காரனுக்குப் பயன் இல்லை, ஆசிரியருக்குப் பயன் இல்லை. அதை வாங்கிப் பயன்படுத்தக்கூடிய ஆள் ஒருவர்தான். வள்ளம் வைச்சிருக்கிற இன்னொரு கடற்றொழிலாளி. முழு இஞ்சினாக இல்லாவிட்டால் பாகம் பாகமாக, திருத்துற இடங்கள் வழியாக, அதே ஆளிடம்தான் போய்ச் சேரும். வலையும் அப்படித்தான். மீன் பிடிக்காதவன் வலையை வாங்கி என்ன, பந்தலா போடுறது?

அப்படியென்றால் களவெடுக்கிறவனைப் பற்றி மட்டும் கதைச்சுக்கொண்டு இருக்கிறதில் அர்த்தம் இல்லை. களவுக்கு விலை வைக்கிறவர் கடற்றொழிலாளருக்குள்ளேயே இருக்கிறார். இதைச் சொல்ல எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கு. எங்கட வீடுகளிலும் கடற்றொழில் இருக்கு.

வாங்கிறவர் எல்லாரும் கெட்டவர் என்றும் நாங்கள் சொல்லவில்லை. சிலருக்குத் தெரியும், தெரிஞ்சுதான் வாங்கினம். பலர் கேட்காமல் வாங்கினம். 'மலிவாக் கிடைச்சுது, நான் ஏன் நோண்டுவான்' என்ற நிலை. இன்னும் சிலர்தான் எங்களை அதிகம் யோசிக்க வைக்கினம்: தன்ர இஞ்சினைக் களவு குடுத்தவர். புதுசு வாங்கக் காசில்லை, தொழிலை விட ஏலாது, மலிவாக ஒன்று வருது என்று கேள்விப்பட்டால் போய் வாங்குவார். அவர் வாங்கிறது இன்னொரு ஊரில் அவரைப்போல ஒருவரின் கண்ணீர். களவு குடுத்தவரே அடுத்த களவுக்குச் சந்தை ஆகிறார்.

திருட்டுப் பொருள் என்று தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஒன்றை வாங்கி வைச்சிருக்கிறது இந்த நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம். இந்தச் சட்டம் கரையில் பலருக்குத் தெரியாது. தெரிஞ்சவையும் கணக்கில் எடுக்கிறதில்லை.

இதே கேள்விக்கு எல்லை தாண்டியும் ஒரு முகம் இருக்கு. நாகப்பட்டினம், வேதாரணியம் பக்கத்துச் சிறுபடகு மீனவர்கள், கோடியக்கரைக்கு அப்பால் தொழில் செய்யும்போது இலங்கைப் பக்கத்திலிருந்து வேகப்படகில் வந்தவர்கள் தங்களை அடிச்சு, வலை, ஜிபிஎஸ், இஞ்சின், பிடிச்ச மீன் எல்லாம் பறிச்சுக்கொண்டு போனதாக அண்மைய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப முறையிட்டு வருகினம். அங்கே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் வழக்குகளும் பதிவாகின்றன. இந்தச் செய்தி எங்கட பக்கத்தில் பெரிசாகப் பேசப்படுறதில்லை. 'அவங்கட றோலர் செய்ததுக்கு இது பதில்' என்று சிலர் சிரிச்சுக்கொண்டு சொல்லுறதையும் கேட்டிருக்கிறம். பறிகொடுத்தவை றோலர் முதலாளிகள் இல்லை. எங்களைப்போலவே பைபர் வள்ளத்தில் போற ஏழைகள். அந்த முறைப்பாடுகள் உண்மையென்றால், பறிச்ச வலையும் இஞ்சினும் எந்தக் கரையில் ஏறுது, அதை ஆர் வாங்கினம்? இந்தக் கேள்வியை எங்கட சங்கங்கள்தான் கேட்கவேணும். எங்கட வலையை அறுத்தவனிடம் நியாயம் கேட்கிற வாய், எங்கட கரையில் ஏறுற களவுப் பொருளைப் பற்றியும் பேசவேணும். பேசினால்தான் முதல் நியாயத்துக்கும் வலு வரும்.

செய்யக்கூடியது

பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. கரையில் இருக்கிற ஆக்களால், இருக்கிற சங்கங்களால் செய்யக்கூடியதை மட்டும் சொல்லுறம்.

முதலாவது, இலக்கம். ஒவ்வொரு வெளியிணைப்பு இயந்திரத்துக்கும் தொடர் இலக்கம் ஒன்று இருக்கு. வள்ளத்தில் பிடிக்கிற தாங்கியில் ஒட்டின தகட்டில் அது இருக்கும். உங்கட வீட்டு இஞ்சினின் இலக்கம் உங்களுக்குத் தெரியுமா? களவு போனபிறகு பொலிஸில் முதல் கேட்கிற கேள்வி இதுதான். அதற்குப் பதில் இல்லாவிட்டால், களவெடுத்தவன் பிடிபட்டாலும் அது உங்கட இஞ்சின் என்று சொல்ல ஏலாது. தகட்டை உரிக்கலாம் என்பதால், மூடியின் உட்பக்கம், வெளியில் தெரியாத இரும்புப் பகுதி என்று இரண்டு இடத்திலாவது வள்ளப் பதிவிலக்கத்தைப் பொறிச்சு வைக்கவேணும். பொறிக்கிறதுக்கு ஒரு கிறைண்டர் போதும். ஊரில் ஒருவரிடமாவது அது இருக்கும்.

இரண்டாவது, பத்திரம். எங்கட கரைகளில் இருக்கிற பல இஞ்சினுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. சுனாமிக்குப் பிறகு நிறுவனங்கள் குடுத்தது, மீள்குடியேற்றத்தில் குடுத்தது, இடப்பெயர்வில் சீட்டுத் தொலைஞ்சது, கைமாறிக் கைமாறி வந்தது. இதனால் நேர்மையான சொந்தக்காரனும் களவுப் பொருள் வைச்சிருக்கிறவனும் கடதாசியில் ஒரே மாதிரித்தான் இருக்கினம். இதைச் சரிக்கட்டக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தாலதான் முடியும். ஒரு கொப்பி. அதில் உறுப்பினர் பெயர், வள்ளப் பதிவிலக்கம், இஞ்சின் இலக்கம், குதிரைவலு, ஒரு படம், 'இது இவருடையது என்று எங்களுக்குத் தெரியும்' என்று இரண்டு பேரின் கையெழுத்து. திணைக்களத்தில் வள்ளம் பதியிறது சட்டக் கடமை. இந்தக் கொப்பி அதற்கு மேலதிகம். இது சங்கத்தின் அலுமாரியில் இருக்கும், முகாமுக்குப் போகாது. அந்த உறுதியைக் குடுத்தால்தான் சனம் பெயர் குடுக்கும்.

மூன்றாவது, கைமாறும் கடிதம். எங்கட பார்வையில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பழைய இஞ்சின் விக்கிறவர் தன்ர சங்கத்திடம் ஒரு கடிதம் எடுக்கவேணும். வாங்கிறவரின் சங்கம் அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் தன்ர கொப்பியில் ஏத்தவேணும். கடிதம் இல்லாத இஞ்சினை எங்கட கரையில் இறக்கிறதில்லை என்று ஒவ்வொரு சங்கமும் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுக்கலாம். சமாசங்களும் மாவட்டச் சம்மேளனமும் அதை எல்லாக் கரைக்கும் ஒரே விதியாக்கலாம். குருநகரில் கடிதம் கேட்டு, பருத்தித்துறையில் கேட்காவிட்டால் பொருள் பருத்தித்துறைக்குப் போகும். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் கேட்காவிட்டால் அங்கே போகும். ஆகவே இது ஒரு ஊரால் முடியிற காரியம் இல்லை. ஆனால் ஒரு ஊர் தொடங்கவேணும். இஞ்சின் திருத்துற இடங்களும் இதில் சேரவேணும். இலக்கம் சுரண்டின இஞ்சின் வந்தால் கை வைக்கிறதில்லை என்று அவை ஒரு முடிவெடுத்தால் பாதிச் சந்தை அடங்கும்.

நாலாவது, வலை. 'வலையில் என்ன பெயர் எழுதுறது' என்று கேட்பீர்கள். ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பின் மீன்பிடிக் குழு 2018 இல் மீன்பிடி உபகரணங்களுக்கு அடையாளமிடுவது பற்றித் தன்னார்வ வழிகாட்டி ஒன்றை ஏற்றுக்கொண்டது. கடலில் கைவிடப்படுற வலைகளைக் குறைக்கிறதும் சட்டவிரோதத் தொழிலைக் கண்டுபிடிக்கிறதும் அதன் முக்கிய நோக்கம். எங்களுக்கு அது களவுக்கும் உதவும். மேல்கயிற்றில் குறிப்பிட்ட இடைவெளியில் வேறு நிற நூல் ஒன்றைப் பின்னலாம். மிதவைகளில் சூடு வைச்சு இலக்கம் போடலாம். ஊருக்கு ஒரு நிறம், வீட்டுக்கு ஒரு முடிச்சு என்று வைக்கலாம். எங்கட அம்மாக்கள் வலை பொத்தின முடிச்சைப் பார்த்தே இது ஆர் கை என்று சொல்லுவினம். அந்த அறிவு ஏற்கெனவே கரையில் இருக்கு. அதை ஒழுங்காக்கினால் போதும்.

ஐந்தாவது, முறைக்காவல். சுவீடனில் படகுத்துறைகளில் படகுக்காரரே முறை வைச்சு இரவில் நடந்து பார்க்கிற கூட்டுக் காவல் ஏற்பாடு இருக்கு. பணக்கார நாடு, கமராவும் காப்புறுதியும் உள்ள நாடு. அங்கேயும் வெளியிணைப்பு இயந்திரம் களவு போறது பெரிய பிரச்சினை. கடைசியில் ஆக்கள் நடந்துதான் பார்க்கினம். 30 வள்ளம் உள்ள கரையில் இரவுக்கு இரண்டு பேர் என்றால், ஒருவருக்கு மாதத்தில் இரண்டு இரவு. இதை வயசானவை தலையில் மட்டும் கட்டாமல் இளைஞர் கழகங்கள் பொறுப்பெடுக்கலாம். கிரிக்கெட் ஆட்டம் பார்க்க விடிய விடிய முழிச்சிருக்கிற எங்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு திருகுகளையும் சேர்த்து மூடிப் பூட்டுற இரும்புக் குழாய்ப் பூட்டு ஊர் ஒட்டுக்கடையிலேயே செய்யலாம். இது களவை முற்றாக நிறுத்தாது. இரண்டு நிமிட வேலையை இருபது நிமிட வேலையாக்கும். முறைக்காவல் இருக்கிற கரையில் அந்த இருபது நிமிடம் போதும்.

இரண்டு ஆபத்து

இதை எழுதும்போது எங்களுக்கு இரண்டு பயம் இருக்கு. அவற்றைச் சொல்லாமல் விடுறது சரியில்லை.

முதலாவது, கம்பத்தில் கட்டிவைச்சு அடிக்கிற 'நீதி'. களவு என்ற சொல் விழுந்தவுடன் ஊரின் கண் எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். காணி இல்லாதவன், கூலிக்குப் போறவன், வேறு ஊரிலிருந்து வந்து குடியேறினவன், சாதியில் கீழே வைக்கப்பட்டவன், ஏற்கெனவே போதைக்குள் விழுந்தவன். அவனைப் பிடிச்சுக் கட்டி, வீடியோ எடுத்து, வட்ஸ்அப்பில் விட்டால் ஊருக்குக் களவு பிடிச்ச திருப்தி வந்துவிடும். வாங்கினவர் மட்டும் வெள்ளை வேட்டியோட அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அடிபட்டவன் களவெடுத்தவனாகவே இருந்தாலும் அடிக்கிறதுக்கு எங்களுக்கு உரிமை இல்லை. அவன் இல்லையென்று பிறகு தெரிஞ்சால் அந்த வாழ்க்கையைத் திருப்பிக் குடுக்கவும் ஏலாது. முறைக்காவலுக்குப் போறவைக்கு முதல் விதி: பார், விளக்கை அடி, கூப்பிடு, படம் எடு. கை வைக்காதே.

இரண்டாவது, காவல் என்ற பெயரில் கரை திரும்பவும் சீருடைக்காரர் கையில் போறது. களவைத் தடுக்க இன்னொரு சோதனைச்சாவடி தேவையில்லை. ஆனால் அரசுக்கு ஒரு வேலையும் இல்லை என்று அர்த்தமும் இல்லை. இறங்குதுறைகளுக்கு வெளிச்சம் போடுறது பிரதேச சபையின் வேலை. சின்ன வள்ளத்துக்கும் இஞ்சினுக்கும் ஏழை கட்டக்கூடிய தவணையில் களவுக் காப்புறுதி ஏற்படுத்துறது அமைச்சின் வேலை. முறைப்பாட்டை வாங்கி, இலக்கத்தை மற்ற நிலையங்களுக்கு அனுப்பி, விசாரிக்கிறது பொலிஸின் வேலை. முறைப்பாட்டைத் தமிழில் எழுதுவிக்கிறது எங்கட உரிமை. 'பொலிஸுக்குப் போய் என்ன பிரயோசனம்' என்று போகாமல் விட்டால், கணக்கில் களவே இல்லை. கணக்கில் இல்லாத களவுக்கு வெளிச்சமும் வராது, காப்புறுதியும் வராது.

'சங்கத்திலயே ஆயிரம் சண்டை, அவை எங்கே இதைச் செய்யப் போகினம்' என்று வாசிக்கிற சிலர் யோசிப்பீர்கள். சண்டை இருக்கு, உண்மைதான். நிர்வாகத்தில் கட்சி இருக்கு, குடும்பம் இருக்கு. ஆனால் றோலருக்கு எதிராக ஒரே நாளில் வீதிக்கு இறங்கினது இதே சங்கங்கள்தான். அந்தச் சங்கத்தால் ஒரு கொப்பி வைக்க ஏலாது என்று நாங்கள் நம்பவில்லை. கேட்கிறதுக்கு ஆள் இல்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் அப்பாவோட போய்ப் பின்வாங்கில் இருக்காமல், எழும்பி நின்று இதைக் கேட்கலாம். பெண்களும் கேட்கவேணும். இஞ்சின் போனால் முதலில் கழுத்திலிருந்து சங்கிலி கழட்டுறவைக்கு இந்தக் கூட்டத்தில் பேச எல்லா உரிமையும் உண்டு.

அதற்கு முதல் ஒன்று செய்யலாம். இந்தக் கிழமை வீட்டு இஞ்சினின் தகட்டை ஒரு படம் எடுங்கோ. பக்கத்து வீட்டுக்காரரின் இஞ்சினையும் கேட்டு எடுத்துக் குடுங்கோ. மாமாவோ சித்தப்பாவோ மலிவாக ஒரு இஞ்சின் பார்த்திருக்கிறன் என்று சொன்னால், விலையைக் கேட்கமுதல் அது ஆர்ர என்று கேளுங்கோ. பதில் வராவிட்டால் வாங்கவேண்டாம் என்று சொல்லுங்கோ. வீட்டில் கொஞ்சம் மனஸ்தாபம் வரும். வரட்டும்.